பின்னறைக்கு ஒரு திரை

அதுல உக்காராதீங்க தம்பி, அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி அடுப்புப் பக்கம் வாங்க. கரண்ட் வந்துடும். ஏற்காட்டுல கரண்ட் போறது புதுசா என்ன, மேல எங்கயாவது கம்பியில கிளை விழுந்திருக்கும், ஆள் போய் எடுக்கணும். அதுவரைக்கும் அந்த அறைக்குள்ள நீங்க போட்டோ எடுக்க முடியாது. பகல்லயே அங்க நீட்டின கை தெரியாது. காப்பி குடிங்க. எங்க தோட்டத்துக் காப்பி இல்ல, உங்ககிட்ட எதுக்குப் பொய், கடையில வாங்கினதுதான். கெஸ்ட்டு கேட்டா மட்டும் தோட்டத்துக் காப்பின்னு சொல்றது.

நான் இந்தத் திரைக்கு வளையம் தச்சுக்கிட்டே பேசறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க படம் எடுக்கறதுக்குள்ள இதை மாட்டியாகணும்.

வாசல் கேட்டுப் பக்கம் வரும்போதே ஒன்னு கேட்டீங்க. "எமல்டா மேடம் இருந்த அறைதானே"ன்னு. உங்க ஆபீஸ் தாரணி சொல்லி அனுப்பியிருப்பா. எமல்டா மேடம். நல்லா இருக்கு கேக்க. சேலத்துல உங்க ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறீங்களாக்கும். அவ பக்கத்துக் கதையைக் கேட்டிருப்பீங்க. என் பக்கத்தையும் கேட்டுட்டுப் போங்க. இந்த மலையில என் பக்கத்தைக் கேக்க ஆளில்ல தம்பி.

இந்த வீடு என் மாமனார் கட்டினது. எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டரா இருந்தவர். ஒரு மகன், ஒரு மக. மகன் எங்க வீட்டுக்காரர் சூசைநாதன், வெளியில பேப்பரை விரிச்சு வச்சுட்டு உக்காந்திருக்காரே, உங்களுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லலையே, அவர்தான். மக எமல்டா, என் நாத்தனார். கல்யாணம் ஆகலை. காலேஜ் படிக்கிற வயசுல கண்ணுல அழுத்தம் ஏறி ஒவ்வொரு கண்ணா போயிடுச்சு. அதுக்கப்புறமும் சும்மா உக்காரலை. சேலத்துல ஒரு ஆஸ்பத்திரியில டெலிபோன் எடுக்கிற வேலை பாத்தா. பிற்பாடு அங்க மெஷினே பேச ஆரம்பிச்சதும் இவளை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எங்க வருவா? இங்கதான் வந்தா. வரவேண்டாம்னு நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. இதை நீங்க நல்லாக் கேட்டுக்கணும்.

வந்த புதுசுல முன்னறையிலதான் இருந்தா. சின்ன வயசுல இருந்தே அவ படுத்த அறை. மாமனார் உயிர் போறப்ப "முன்னறை எமல்டாவுக்கு"ன்னு சொல்லிட்டுப் போனார்னு வீட்டுக்காரர் சொல்வார். சொன்னார்தான், நானும் பக்கத்துலதான் இருந்தேன். ஆனா சாகப்போறவங்க என்னென்னமோ சொல்வாங்க தம்பி. அதையெல்லாம் பிடிச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்த முடியுமா?

அப்புறம் எஸ்டேட்டுல இவரையும் நிறுத்திட்டாங்க. வீட்டை வர்றவங்க போறவங்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பிச்சோம். முன்னறைதான் முதல்ல போகும். ஜன்னலைத் திறந்தா நேரா பள்ளத்தாக்கு, இருட்டினா கீழ சேலம் டவுன் லைட்டு மொத்தமும் தெரியும். அதை எமல்டாவுக்குக் கொடுத்துட்டு நான் எதை வாடகைக்கு விடறது? நீங்களே சொல்லுங்க. அதனால பின்னறை. காப்பிக்கொட்டை மூட்டை அடுக்கின அறை அது. அடுப்புச் சுவருக்கு அடுத்தாப்புல இருக்கறதனால கதகதன்னு இருக்கும். மார்கழிக் குளிர்ல நாங்க முன்னாடி நடுங்குவோம், அவ பின்னாடி சுகமா இருப்பா.

ஜன்னல் கிடையாதுதான். தாரணி முதல்தடவை வந்தப்பவே கேட்டா, ஏன் ஆன்ட்டி இதுக்கு ஜன்னலே இல்லைன்னு. அவளுக்கு எதுக்கும்மா ஜன்னல்னேன். அந்தப் பொண்ணு என்னை ஒரு மாதிரிப் பாத்தா. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?

கெஸ்ட்டு இருக்கறப்ப முன்னாடி வரவேண்டாம்னு எமல்டாகிட்டச் சொல்லி வச்சிருந்தேன். அதட்டிச் சொல்லலை, பக்கத்துல உக்காந்து தலையைத் தடவித்தான் சொன்னேன். வர்றவங்க சந்தோஷமா இருக்கணும்னு வர்றாங்க. ஒருநாள் இவ சுவத்தைத் தடவிக்கிட்டே வந்தப்ப ஒரு குழந்தை பயந்து அழுதுடுச்சு. அந்தக் குழந்தையோட அம்மாவுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. எதுக்கு நமக்கு? சாப்பாட்டை நானே தட்டுல போட்டுக் கொண்டுபோய் வச்சுடுவேன். ஒரு வேளை ஆறிப்போனதுன்னு அவ சொல்ல முடியாது. கேட்டுப் பாருங்க அவகிட்ட, ஆறின சோறு போட்டாங்களா அண்ணின்னு.

எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டிருந்தது, திருச்சியில இருந்து அந்த போன் வர்ற வரைக்கும்.

தாயுமானவன் சார்னு ஒருத்தர். பேங்க்ல மேனேஜரா இருந்து ரிட்டயரானவர். குரல் கோயில் மணி மாதிரி. நான் மாசாமாசம் காசு கட்டி வச்சிருந்த வெப்சைட்டைப் பத்திப் பேசறார். "உங்க வீட்டைப் பாக்க வந்தேம்மா, உள்ளயே விடமாட்டேங்குது"ன்னார். கேட்டுல பூட்டு போட்டிருக்கா, எப்ப வந்தீங்க சார்னு பதறிப் போய்க் கேட்டேன். சிரிச்சார். அவருக்குக் கண்ணு தெரியாதாம். போன்ல இருக்கறதை போனே வாசிச்சுச் சொல்லுமாம். எங்க வெப்சைட்டுக்கு வந்தா அது "படம், படம், படம், பட்டன், படம்"னு மட்டும் சொல்லிக்கிட்டே போகுதாம். எந்தப் படத்துல என்ன இருக்கு, எந்தப் பட்டன் எதுக்குன்னு ஒரு வார்த்தை இல்லையாம். தேதி குறிக்கிற இடத்துக்கு வந்தா போன் ஊமையாயிடுதாம். அவங்க சங்கத்துல வருஷாவருஷம் எல்லாருமாச் சேர்ந்து ஒரு ஊருக்குப் போவாங்களாம், சக்கர நாற்காலியில வர்றவங்களும் உண்டாம். வீடு மொத்தத்தையும் எடுத்துக்கறோம், ஆனா அவங்கவங்க அறையை அவங்கவங்களே வெப்சைட்டுல போட்டுக்கணும், அடுத்தவங்ககிட்டக் கெஞ்சி அறை போடறது எங்களுக்குப் பிடிக்காதுன்னார்.

அதுவும் மழைக்காலம். ஈ காக்கா வராத சமயம். வீடு மொத்தமும்னு ஒருத்தர் சொன்னா விடுவேனா? உடனே சேலத்துல வெப்சைட் பண்ற தாரணியைக் கூப்பிட்டேன். வெப்சைட்டை முதல்ல பண்ணினது வேற ஒரு பையன், அவன் வெளிநாடு போயிட்டான். தாரணி வந்தா, பாத்தா. வீட்டையும் சரி பண்ணணும், வெப்சைட்டையும் சரி பண்ணணும்னா. வீட்டுக்கு ஆச்சு, வாசப்படியில சிமெண்ட்டு போட்டுச் சரிவு வச்சாச்சு, நீங்ககூட அதுலதானே ஏறி வந்தீங்க. முன்னறை பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி வச்சாச்சு. வெப்சைட்டுக்கு ரெண்டு வேணும்னா. ஒவ்வொரு படத்துக்கும் அடியில, கண்ணுக்குத் தெரியாம, இந்தப் படத்துல இன்னது இருக்குன்னு வார்த்தையில எழுதணும். அப்புறம், கண்ணு தெரியாத ஒருத்தர் உக்காந்து எல்லாத்தையும் ஓட்டிப் பாக்கணும். சேலத்துல ஆள் தேடணும் ஆன்ட்டின்னா.

நான் சொன்னேன், தேடவே வேண்டாம், நம்ம வீட்டுலயே ஒன்னு இருக்குன்னு.

பாத்தீங்களா? நான்தான் தம்பி சொன்னது. எமல்டாவை அந்த அறையில இருந்து கூட்டிட்டு வந்து, இந்த அடுப்படியில, இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே அதே இடத்துல உக்கார வச்சு, கையில காப்பியைக் கொடுத்து, உன்னால எங்களுக்கு ஒரு உதவி ஆகணும்மான்னு கேட்டது நான். இன்னைக்கு உங்க ஆபீஸ்ல அவ மேடமா இருக்கான்னா அதுக்கு முதல் பிள்ளையார் சுழி போட்டது இந்தக் கை. அதை யாராச்சும் சொல்றாங்களா?

அவ போனை வச்சுக்கிட்டு உக்காந்தா. விரலை இப்படி இப்படித் தள்ளுவா, அது படபடன்னு பேசும். என்ன பேசுதுன்னு எனக்கு ஒரு எழவும் புரியாது, அவ்வளவு வேகம். அவ மட்டும் தலையை ஆட்டிக்கிட்டு இருப்பா. ஒரு இடத்துல வந்து நின்னுட்டா. அறை போடறதுக்கு முன்னாடி நீங்க மெஷின் இல்ல, மனுஷர்தான்னு காட்டுங்கன்னு ஒரு கட்டம் வருமே, சிக்னல் லைட்டு இருக்கற படத்தையெல்லாம் தொடுங்கன்னு, அது. எமல்டா ரொம்ப நேரம் விரலை எடுக்கலை. அப்புறம் என் பக்கமாத் திரும்பி, "நான் மனுஷிதான்னு இதுகிட்ட எப்படி அண்ணி சொல்றது?"ன்னா. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். தாரணி சிரிக்கலை. அந்தக் கட்டத்தை அன்னைக்கே எடுத்துட்டா.

அப்புறம் படங்கள். அங்கதான் தம்பி ஆரம்பிச்சது.

நான் லேப்டாப்பைப் பாத்துப் படத்துல என்ன இருக்குன்னு சொல்லணும், எமல்டா அதை வார்த்தையாக்கிச் சொல்வா, தாரணி தட்டுவா. முதல் படம் முன்னறை. நான் சொன்னேன், அழகான அறை, மனசை மயக்குற காட்சி. எமல்டா, "அழகுன்னு எழுதினா யாருக்கும் எதுவும் தெரியாது அண்ணி. என்ன இருக்குன்னு சொல்லுங்க"ன்னா. சரின்னு சொன்னேன். பெரிய கட்டில், வெள்ளை விரிப்பு, சுவத்துல டிவி. அப்பாவோட தேக்கு பீரோ எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டா. அதை வித்தாச்சே, டிவி எங்க மாட்டறதுன்னேன். அப்புறம் ஜன்னலுக்கு வெளிய சில்வர் ஓக்கு மரத்துல மிளகுக்கொடி எவ்வளவு ஏறியிருக்குன்னு கேட்டா. அந்த மரத்தை வெட்டி மூணு வருஷமாச்சு தம்பி. அது நின்னா டவுன் லைட்டு பாதிதான் தெரியும். வெட்டியாச்சுன்னு சொன்னேன்.

"வீட்டுப் பேரு மட்டும் சில்வர் ஓக் காட்டேஜ்னு இருக்கே."

"பேரை மாத்த முடியுமாம்மா, போர்டு எழுதியாச்சே"ன்னேன்.

இதே வீட்டுலதான் இருக்கா. மரம் வெட்டினது தெரியாது, பீரோ போனது தெரியாது. யாரும் சொல்லலைன்னு தாரணி என்கிட்டச் சண்டைக்கு வர்ற மாதிரி கேக்கறா. இதையெல்லாம் ஒருத்தர் சொல்லணுமா? ரம்பம் போட்டப்ப சத்தம் கேட்டிருக்குமே? கேட்டதாம். பக்கத்து எஸ்டேட்டுன்னு நினைச்சாளாம். அப்படித்தான் வீட்டுக்காரர் அவகிட்டச் சொன்னாராம். அது எனக்கே அப்பத்தான் தெரியும்.

கடைசியா எங்க குடும்பப் படம். எல்லா வெப்சைட்டுலயும் வைப்பாங்களே, உங்களை வரவேற்கும் குடும்பம்னு, அது. எமல்டா கேட்டா, இதுல யார் யார் அண்ணின்னு. நான், உங்க அண்ணன், நம்ம பையன் டென்சில், மருமக, அப்புறம் முன்னாடி நம்ம ராக்கின்னு சொன்னேன். தாரணி தட்டறதை நிறுத்திட்டா. எமல்டாதான் சொன்னா.

"நாய் பேரையும் போடு தாரணி. விட்டுப்போகக் கூடாது."

இதை வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு என்னைப் பத்தி எங்கெங்க என்ன சொன்னாளோ. அந்தப் படம் எடுத்த அன்னைக்கு எமல்டாவுக்கு ஜலதோஷம் தம்பி. மூக்கு சிவந்து இருந்தா. அவ நல்லதுக்குத்தான் கூப்பிடலை.

எல்லாம் முடிஞ்சதும் தாரணி, மேடம் நீங்களே ஒருதடவை ஆரம்பத்துல இருந்து கடைசிவரைக்கும் ஒரு அறை போட்டுப் பாருங்க, யாரும் உதவி பண்ண மாட்டோம்னா. அப்பவே மேடம்தான். எமல்டா உக்காந்து போட்டா. தேதி, பேரு, காசு, எல்லாம் தானே பண்ணினா. எனக்கு போன்ல மெசேஜ் வந்துடுச்சு, உங்க வீட்டுக்கு ஒரு விருந்தாளி வர்றாங்கன்னு. பெருமையா இருந்தது, கையைத் தட்டினேன். திருச்சிக்காரங்க வர்ற அதே நாலு நாளுக்கு, முன்னறை. சோதனைதானேன்னு நானும் விட்டுட்டேன்.

தாரணி கிளம்பற சமயத்துல, மேடம் அந்த புக்கிங்கை கேன்சல் பண்ணிடுங்கன்னா. எமல்டா, "கேன்சல் பண்ற இடத்தையும் பாத்துட்டேன், அதுவும் நல்லா வாசிக்குது. ஆனா நான் பண்ணலை"ன்னா.

விளையாடறான்னு நினைச்சேன். அவ கட்டின காசை எண்ணி நீட்டினேன், வாங்கலை. அந்தச் சமயத்துல வீடு நிறைய ஆளும்மா, உனக்கு எதுக்கும்மா அந்த அறைன்னு எவ்வளவோ நல்ல வார்த்தை சொன்னேன். "எல்லாரும் எதுக்கு எடுக்கறாங்களோ அதுக்குத்தான் அண்ணி"ங்கறா. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நீங்களாச்சும் சொல்லுங்கன்னேன். அவர் பேப்பரைத் திருப்பினார். அவ்வளவுதான் அவரால முடிஞ்சது.

அந்த நாளும் வந்தது. திருச்சியில இருந்து வேன் வந்து நின்னு ஒவ்வொருத்தரா இறங்கறாங்க, நான் வாசல்ல சந்தனம் குங்குமத்தோட நிக்கறேன். எமல்டா பின்பக்கக் கதவு வழியா வெளிய போய், வீட்டைச் சுத்தி, கைப்பையோட, கேட்டு வழியா அவங்ககூடச் சேர்ந்து உள்ள வர்றா. நல்ல சேலை கட்டி, தலை பின்னி. என் முன்னாடி வந்து நின்னு, புக்கிங் பேரு எமல்டான்னா. நான் என்ன பண்ண முடியும்? அத்தனை பேரு நிக்கறாங்க. அவளுக்கும் சந்தனம் கொடுத்தேன். சாவியைக் கொடுத்தேன். வழி காட்டட்டுமான்னு கேட்டேன், வாய் தவறி வந்துடுச்சு. "வேண்டாங்க, வெப்சைட்டுல நல்லா எழுதியிருக்கு"ன்னு நேராப் போயிட்டா.

போய், ஜன்னலைத் திறந்து வச்சுட்டு உக்காந்தா தம்பி. நாள் பூராவும். அடிக்கிற காத்துல திரையெல்லாம் பறக்குது, சாரல் உள்ள தெறிக்குது, மெத்தை நனையுது, இவ அசையலை. மூஞ்சியை வெளிய நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. நான் ரெண்டு தடவை எட்டிப் பாத்தேன். கீழ பஸ்ஸு வளைவுல ஹாரன் அடிக்குது, எங்கயோ சர்ச்சு மணி, மழை அடங்கினதும் ஒரு வாசம் வருமே, இதையெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கிட்டிருக்கா. சாயங்காலம் வீட்டுக்காரர் போய் அவ பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்தார். அவர் கண்ணைத் துடைச்ச மாதிரி இருந்தது, சாரலாக்கூட இருக்கும்.

இதோட விட்டிருந்தா நான் மறந்திருப்பேன். மறுநாள் மத்தியானச் சாப்பாடு. எல்லாரும் பெரிய மேசையில. மட்டன் குழம்பு, வெங்காயப் பச்சடி, நான் ஓடி ஓடிப் பரிமாறறேன். என் மனசுல ஒன்னுமில்ல. தாயுமானவன் சார் நல்லாச் சாப்பிட்டுட்டு, அம்மா நாங்க எத்தனையோ ஊருக்குப் போயிருக்கோம், ஒரு அறையைப் பத்தி இவ்வளவு உண்மையா எழுதின வெப்சைட்டை நான் கேட்டதில்லம்மா, யார் எழுதினது, கை கொடுக்கணும்னார். நான்தான் சார், படமெல்லாம் நான்தான் பாத்துச் சொன்னேன்னு ஆரம்பிச்சேன். பொய்யில்லையே. அதுக்குள்ள மேசையோட அந்தக் கோடியில இருந்து எமல்டா பேசினா. வார்த்தை என்னோடது சார், நான் இந்த வீட்டுப் பொண்ணுதான்னு.

எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. அப்படியா, அப்படியான்னு ஒரே கலகலப்பு. சார் எழுந்து நின்னு கையை நீட்டினார், இவ எழுந்து நின்னு தேடிப் பிடிச்சுக்கிட்டா. அப்பத்தான் அவர் கேட்டார், சாதாரணமாத்தான் கேட்டார்.

"அப்ப உங்க அறை எதும்மா?"

"நாலு நாளைக்கு முன்னறை சார்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் வெப்சைட்டுல போடாத அறை ஒன்னு இருக்கு சார்."

அவ்வளவுதான் சொன்னா. வேற ஒரு வார்த்தை இல்ல, குத்திக் காட்டலை, அழலை. ஆனா அந்த மேசையில சத்தம் அப்படியே நின்னுபோச்சு தம்பி. கண்ணு தெரியாதவங்க சத்தம் போடாம உக்காந்தா எப்படி இருக்கும் தெரியுமா? அத்தனை பேரும் என்னையே பாக்கற மாதிரி இருந்தது. கரண்டியைக் குழம்புல போட்டுட்டேன், அது உள்ள போயிடுச்சு, எடுக்கக்கூடத் தோணலை. சக்கர நாற்காலியில வந்திருந்த ஒரு அம்மா மட்டும் என்னை நேராப் பாத்தாங்க, அவங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். அந்த அறையைப் பாக்கலாமான்னு கேட்டாங்க. பூட்டியிருக்குங்கன்னு சொல்லிட்டேன்.

என் வீட்டுல, என் சோத்தைத் தின்னுட்டு, என்னை இப்படி நிக்க வச்சா. அதுதான் தம்பி எனக்கு ஆறலை. அவளுக்கு ஒரு குறையிருந்தா அடுப்படிக்கு வந்து என்கிட்டச் சொல்லியிருக்கலாமே. அண்ணி, எனக்கு இது வேணும்னு கேட்டாளா ஒருநாள்? இத்தனை வருஷத்துல ஒருதடவை கேட்டா, கதவைச் சாத்தாம வச்சுக்கலாமான்னு. கெஸ்ட்டு இருக்காங்களேம்மான்னேன். அதுக்கப்புறம் அவ கேட்டதே இல்லையே.

நாலாம் நாள் காலையில அறையைக் காலி பண்ற நேரம். எல்லாரையும் போல சாவியைக் கொண்டுவந்து மேசையில வச்சா. விரிப்பை மடிச்சு வச்சிருந்தா. பையைத் தூக்கிட்டுப் பின்னறைக்குப் போவான்னு நான் வழி விட்டு நின்னேன். இவ அந்தச் சரிவுல இறங்கிட்டா. தாரணிகிட்ட முன்னமே பேசி வச்சிருக்கா, வேலைக்கு வர்றேன்னு. வேன்லயே சேலம் வரைக்கும் போயிட்டா. வீட்டுக்காரர்தான் கேட்டு வரைக்கும் பையைத் தூக்கிட்டுப் போனார். அன்னையில இருந்து அவர் என்கிட்டப் பேசறது, சோறு போடு, சோறு போதும், அவ்வளவுதான்.

இப்ப பஸ் ஸ்டாண்டு பக்கத்துல அறை எடுத்திருக்காளாம். ஒரே இரைச்சல், புகை, ஜன்னலைத் திறக்கவே முடியாதுன்னு சொன்னாங்க. திறந்துதான் வச்சிருக்காளாம்.

சரி, போனது போச்சு. நான் மனசுல வச்சுக்கற ஆள் இல்ல. அந்த அறை சும்மா கிடக்கு. சும்மா கிடந்தா இந்த மனுஷன் மூணு வேளையும் போய் அந்தக் கட்டில்ல உக்காந்துட்டு வர்றார், இருட்டுல. வாடகைக்கு விட்டுட்டா அதுக்கு ஒரு முடிவு வரும், சீசனுக்கும் ஆச்சு. அதுக்குத்தான் உங்களை வரச்சொன்னது. சுண்ணாம்பு அடிச்சாச்சு, புதுக் கட்டில், புது மெத்தை. ஒரே ஒரு குறை, ஜன்னல். மனுஷங்க வந்து தங்கற அறைக்கு ஜன்னல் இல்லாம முடியுமா? கொத்தனார் வந்து தட்டிப் பாத்துட்டு, இது அந்தக் காலத்துக் கல்லுச் சுவரு, உடைச்சா மாசக்கணக்கா வேலை இழுக்கும்னுட்டார். சீசன் நேரத்துல வீடு பூரா தூசி பண்ணிக்கிட்டு இருக்க முடியுமா?

அதனாலதான் இந்தத் திரை. எப்படி இருக்கு, நல்ல பூ போட்டது, ரெண்டு பக்கமும் சுருக்கு வச்சிருக்கேன். கட்டிலுக்கு நேர் எதிர் சுவத்துல கம்பி அடிச்சாச்சு. தரைவரைக்கும் தொங்கவிட்டா, பாக்கறவங்களுக்குப் பின்னாடி பெரிய ஜன்னல் இருக்கற மாதிரியே இருக்கும். நீங்க அந்தப் பக்கம் ஒரு லைட்டை வச்சு எடுத்தீங்கன்னா வெளிச்சம் வர்ற மாதிரிகூட இருக்கும். வர்றவங்க ராத்திரி வருவாங்க, படுப்பாங்க, காலையில சுத்திப் பாக்கக் கிளம்பிடுவாங்க. யாரு திரையை விலக்கிப் பாக்கப்போறா?

கரண்ட் வந்துடுச்சு பாருங்க. நான் சொன்னேன்ல. வாங்க, அந்த ஸ்டூலை எடுத்துக்கிட்டு வாங்க, கொஞ்சம் தூக்கிப் பிடிச்சா நான் மாட்டிடுவேன். ஆங், அப்படித்தான். ஒதுங்கி நின்னு பாருங்க. ஜன்னல்னு தோணுதா இல்லையா? எனக்கே தோணுது.

இன்னும் ஒரே ஒரு வேலைதான். படத்துக்கு அடியில எழுதற வார்த்தை. அது இல்லாம எந்த அறையையும் வெப்சைட்டுல ஏத்த மாட்டோம்னு தாரணி கண்டிப்பாச் சொல்லிட்டா. அந்த வேலை யார்கிட்ட இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமே. அவதான் போன் பண்ணுவா. நேத்தே ஒருதடவை பண்ணினா, நாளைக்கு போட்டோகிராபர் வருவார் மேடம், அறையில என்னென்ன இருக்குன்னு நான் கேட்டு எழுதிக்கறேன் மேடம்னு. மேடம்ங்கறா தம்பி என்னை. அண்ணின்னு வரலை வாயில.

அவகிட்ட ஜன்னல் இருக்குன்னு சொல்லணும். அந்த அறையை அவளுக்குத் தெரியும்தான், யார் இல்லைன்னா. நீ போனப்புறம் புதுசா வச்சோம்னு சொன்னா முடிஞ்சது. ஆனா நான் சொன்னா நம்ப மாட்டா. என் குரல்லயே கண்டுபிடிச்சுடுவா, எப்பவும் அப்படித்தான், காப்பி தோட்டத்துதுன்னு ஒரு கெஸ்ட்டுகிட்டச் சொன்னா உள்ள இருந்து இருமுவா. உங்க குரல்னா சந்தேகம் வராது. நீங்க அவங்க ஆபீஸ் ஆளு, கண்ணால பாத்துட்டு இருக்கீங்க.

இதோ, அடிக்குது பாருங்க. அவ நம்பர்தான்.

ஹலோ. ஆமாம்மா, நான்தான். வந்துட்டார், இங்கதான் இருக்கார், அவரே சொல்றார், நீ எழுதிக்கோ.

இந்தாங்க. பிடிங்க. கட்டில், மெத்தை, அப்புறம் ஜன்னல். அவ்வளவுதான், பெரிய ஜன்னல்னு ஒரு வார்த்தை. இதுல உங்களுக்கு என்ன போகுது?

பேசுங்க தம்பி. சும்மா நிக்காதீங்க. நீங்க மூச்சு விடறதுகூட அவளுக்குக் கேக்கும்.